கையில் வாங்கிய சேவல்

கோழிகளைக் கூடையில் அடைப்பதற்கு முன்னால், எல்சீரா தன் இரண்டாவது புருஷன் நிபால்தோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். யார் என்ன பேசினாலும், யார் மேலே வந்து விழுந்தாலும், இன்றைக்கு இந்தக் கைகள் ஒருவர்மேலும் படக்கூடாது என்றாள்.

"யாரை அடிக்கப்போறேன்? கோழியையா?" என்று சிரித்தான் அவன்.

அவள் சிரிக்கவில்லை. துறைமுகத்தில் இருந்த காலத்தில் மதுக்கடையில் ஒருவனுடைய தாடையை உடைத்தவன் நிபால்தோ. நீதிபதி சிறைக்கு அனுப்பாமல் விட்டது ஒரே நிபந்தனையின் பேரில்தான். மாதாமாதம் முதல் திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொரு அடி விழுந்தால் தெமுக்கோ சிறையில் இரண்டு வருஷம். இது அவளுடைய முதல் புருஷன் எரிபெர்த்தோவுக்கும் தெரியும். பதினோரு வருஷம் அவளை அடித்து, இடது காதைப் பாதி செவிடாக்கிவிட்டு வடக்கே சுரங்கவேலைக்குப் போயிருந்தவன், போன வாரம் திரும்பி வந்திருந்தான். அந்தத் துறைமுகத்துக்காரனை ஒரே ஒரு அடி அடிக்க வைத்தால் போதும், மிச்சத்தைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று கடையில் நின்று சொல்லியிருக்கிறான்.

ஏரிக்கரை விழாவுக்குப் போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் விழாவை நடத்தும் எதுவினா அக்கா, வால் இல்லாத கோழியையும் அது இடும் நீல முட்டையையும் காட்டுகிறோம் என்று வெளியூர்க்காரர்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வருகிறார்கள். மடியில் உட்காரும் அளவுக்குப் பழகிய கோழிகள் எல்சீராவிடம்தான் இருந்தன. அதோடு, அவனுக்குப் பயந்து வீட்டுக்குள் கிடந்த வருஷங்கள் போதாதா?

ஏரிக்கரையில் நடக்கும் அந்த விழாவில் காசுக்கு இடமில்லை. எல்லாம் பண்டமாற்றுதான். ஒருத்தி விதை கொடுப்பாள், இன்னொருத்தி கம்பளிநூல் கொடுப்பாள். பேரமும் கிடையாது. நீட்டியதைக் கையில் வாங்கிவிட்டால் மாற்று முடிந்தது. கொடுத்தவன் உன் பக்கத்திலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வான். பிறகு அதைத் திருப்பிக் கேட்பது அங்கே அசிங்கம். கோழிகள் மாற்றுக்கு இல்லை, காட்டத்தான் என்பதால் கூடையைத் தள்ளி ஒரு மரத்தடியில் வைத்திருந்தாள். ஆனால் கையில் வாங்கும் வழக்கத்தை நிபால்தோவிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. மூச்சுவிடுவது எப்படி என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. வியூதா என்ற கறுப்புக் கோழியைச் சுற்றித்தான் கூட்டம். வியூதா என்றால் விதவை. எந்தச் சேவலோடு சேர்த்தாலும் அதை நரி கொண்டுபோய்விடும், இவள் மட்டும் தப்பித்து நிற்பாள். நிபால்தோ இதைச் சொல்லும்போதெல்லாம் பஸ்ஸில் வந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு சின்னப் பெண்ணை உட்காரவைத்து, வியூதாவை அவள் மடியில் விட்டான். கோழி கண்ணை மூடிக்கொண்டது.

எதுவினாவோடு கோதுமைப் பானையை அடுப்பிலிருந்து இறக்கும்போதுதான் எல்சீரா நிமிர்ந்து பார்த்தாள். தோல் அங்கி போட்ட ஒருவன் அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, நிபால்தோவிடம் ஒரு சிவப்புச் சேவலை நீட்டிக்கொண்டிருந்தான். அந்த முதுகைத் தெரியாதா அவளுக்கு? பானையைப் போட்டுவிட்டு ஓடினாள். அதற்குள், எரிபெர்த்தோவின் முகத்தை ஒருநாளும் பார்த்திராத நிபால்தோ, விருந்தாளி நீட்டியதை மறுக்கக்கூடாது என்று இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

"வாங்கிட்டான், எல்லாரும் பாத்தீங்கல்ல?" என்றான் எரிபெர்த்தோ. குனிந்து, சின்னப் பெண்ணின் மடியிலிருந்து வியூதாவைத் தூக்கினான். கழுத்தை ஒரே முறுக்காக முறுக்கினான். எலும்பு நொறுங்கிய சத்தம் எட்டு அடி தள்ளி வந்துகொண்டிருந்த எல்சீராவுக்கே கேட்டது. அதோடு விடவில்லை, தலையைப் பிய்த்துச் சின்னப் பெண்ணின் காலடியில் எறிந்தான். இறக்கைகள் இன்னும் அடித்துக்கொண்டிருக்க, ரத்தம் அந்தக் குழந்தையின் வெள்ளைக் காலுறையில் தெறித்தது.

சேவலை விட்டுவிட்டு நிபால்தோ ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தான்.

"என் கோழி, மச்சான். நான் அறுப்பேன், அவிப்பேன். உனக்கென்ன?" எரிபெர்த்தோ தன் தாடையைத் தட்டிக்காட்டினான். "அடிக்கணுமா? இங்க அடி. பழக்கப்பட்ட இடம்தானே?"

எல்சீரா நடுவில் வந்து நின்றாள். எரிபெர்த்தோ அவளைப் பார்க்கக்கூட இல்லை. பேசிக்கொண்டே, கையிலிருந்த கோழியின் உடலால் அவள் முகத்தில் ஓங்கி அறைந்தான். சூடான ரத்தம் கண்ணுக்குள் போயிற்று. இரண்டாவது அறை செவிட்டுக் காதில் விழுந்தது. அவள் முழங்கால் மடிந்து உட்கார்ந்தாள்.

பின்னால் மரம் முறியும் சத்தம். திரும்பிப் பார்த்தாள். நிபால்தோ பக்கத்துக் கூடாரத்தின் முளைக்கம்பைப் பிடுங்கித் தலைக்குமேல் தூக்கியிருந்தான். அவன் முகத்தில் அவளுக்குத் தெரிந்த ஆள் யாரும் இல்லை. எரிபெர்த்தோவோ சிரித்துக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு, வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான். சுற்றிலும் இருபது செல்போன்கள். குன்றுக்கு அப்பால் விழாக் காவலுக்கு வந்த போலீஸ் வண்டி.

கம்பு இறங்குமுன் எழுந்து, நிபால்தோவின் மணிக்கட்டில் பல் பதியக் கடித்தாள். அவன் விரல்கள் விரிந்தன. கம்பு அவள் கைக்கு வந்தது.

எரிபெர்த்தோவுக்கு அது புரியவில்லை. இவள் அடிப்பாள் என்பது அவன் கணக்கிலேயே இல்லை. முதல் அடிக்கு முழங்கையை நீட்டித் தடுத்தான்; முழங்கை உடைந்தது. இரண்டாவதைத் தோளிலும் மூன்றாவதை வாயிலும் கொடுத்தாள். பற்களைத் துப்பிக்கொண்டு அவன் புல்லில் விழுந்தான். நாலாவது தடவை கம்பு அவன் தலைக்கு நேரே உயர்ந்தபோது அவள் கை தானாகவே நின்றது. கீழே கிடந்தவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தான். பதினோரு வருஷம் அவள் மூடிக்கொண்ட அதே மாதிரி. அந்த அடியைப் புல்லில் இறக்கினாள்.

கம்பைக் கீழே போட்டுவிட்டு, செல்போன் பிடித்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, அடித்தது யார் என்று நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டாள். ஒருத்தி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

போலீஸ் வந்ததும் அவளே கைகளை நீட்டினாள். வண்டி ஜன்னலுக்கு ஓடிவந்த நிபால்தோ, பழியைத் தான் ஏற்றுக்கொள்வதாகக் குசுகுசுத்தான்.

"வாயத் தொறந்த, அப்புறம் நான் உனக்கு இல்ல," என்றாள் அவள். "திங்கக்கிழமை போய்க் கையெழுத்துப் போடு. சாயங்காலம் என்னைப் பார்க்க வா. வரும்போது சீப்பு எடுத்துட்டு வா, தலையெல்லாம் இறகு."

வண்டி நகர்ந்தது. அவன் பாதை நடுவில் நின்றான், இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு.