காக்கைகள் காட்டிய வழி

1

இந்தக் கதை ஒரு சின்னச் சந்தேகத்தில் பிறந்தது. உலகை வெல்லப் புறப்பட்ட அந்த இளம் அரசன், ஆமோன் தெய்வத்திடம் குறி கேட்க எங்கள் பாலைவனச் சோலையான சீவாவுக்கு வரும்போது பாலைவனத்தில் வழி தவறினானாம். இரண்டு காக்கைகள் முன்னே பறந்து வழிகாட்டினவாம். பேரீச்சை உலர்த்தும் களத்தில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். தெய்வம் அனுப்பியது என்பார்கள் சிலர். அரசனின் ஆட்கள் கட்டிய பொய் என்பார்கள் சிலர். எனக்கு வந்த சந்தேகம் வேறு. புல்கூட முளைக்காத மணலில் அந்தக் காக்கைகள் எதைத் தின்றன?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மாமன்னன் தன் குதிரையிலிருந்து இறங்கி, பொன்னிறத் தலையை நிமிர்த்தி..."

(அடித்துவிட்டேன். அரசனை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.)

சுமப்பவனிடமிருந்து தொடங்குகிறேன். அவன் பெயர் இனாரோ. ஆமோனின் படகைப் பல்லக்குப்போலத் தோளில் சுமக்கிறவர்களில் முன்வரிசைக்காரன். அந்தத் தெய்வம் வாய் திறந்து பேசாது. படகில் எழுந்தருளும், கேள்வி கேட்டதும் சுமப்பவர்களின் தோளை அழுத்தும். படகு முன்னே நகர்ந்தால் 'ஆம்'. பின்னே போனால் 'இல்லை'.

[அழுத்துவது தெய்வமா, தோளே தானா என்று என்னைக் கேட்காதீர்கள். இனாரோவுக்கே தெரியாது. தெரியாமலிருப்பதும் பக்திதான் என்று அவன் நினைத்திருந்தான்.]

ஒரே ஒரு நாள் மட்டும் அவனுக்குத் தெரிந்தது. உப்பு ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போன மகன் ஹோரி, மணலை வாரி இறைக்கும் தென்காற்று அடித்து ஓய்ந்த பிறகும் திரும்பவில்லை. இனாரோவின் மனைவி தாபெஸ் படகின் முன்னால் வந்து நின்றாள்.

"எம்புள்ள உசுரோட இருக்கானா, சாமி?"

தோளில் எந்த அழுத்தமும் இல்லை. இனாரோ தானாகவே ஓர் அடி முன்னே வைத்தான்.

அன்றிலிருந்து அவள் ரொட்டி சுடும்போதெல்லாம் ஹோரிக்கும் ஒன்று சுட்டு மூடிவைத்தாள்.

3

அரசன் வந்து சேர்ந்தான். தான் தெய்வத்தின் மகனா என்று கேட்கப்போகிறான் என்ற செய்தி அவனுக்கு முன்பே கோயிலுக்கு வந்துவிட்டது. தலைமைப் பூசாரி சுமப்பவர்களைக் கூப்பிட்டு, படகு பின்னே போனால் ஊர் மிஞ்சாது என்று மட்டும் சொன்னார்.

பக்கத்துத் தோள்காரன் பெத்து கிசுகிசுத்தான். "நமக்கென்னண்ணே கவலை? சாமிக்கு முந்தி நடக்கத்தான் உன் காலுக்குத் தெரியுமே."

இனாரோ சிரிக்கவில்லை.

4

அரசனோடு வந்த ஒட்டகக்காரன் ஒருவன் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்ட ஊற்றுக்கு வந்தான். வழி தவறிய கதையை அங்கிருந்த இனாரோவிடம் சொன்னான். காக்கைகள் வட்டமிட்டதைப் பார்த்து, கீழே தண்ணீர் இருக்கும் என்று எல்லோரும் ஓடினார்களாம்.

"தண்ணி இல்லண்ணே. ஒரு பையன் கெடந்தான். போய்ச் சேந்து நாளாயிருக்கும். அவன் கெடந்த எடத்துலதான் கல்லுக் குவிச்ச பழைய தடம் இருந்துச்சு. அதப் புடிச்சுத்தான் இங்க வந்தோம். என் போர்வையப் போத்தி மணலால மூடிட்டு வந்தேன். எந்தத் தாயி பெத்ததோ."

அவன் இடுப்பில் காலியான தண்ணீர்த் தோல்பை ஒன்று தொங்கியது. அதன் ஓரத்தில் சிவப்பு நூலால் போட்ட ஒட்டு. தாபெஸின் தையல்.

(இங்கே "இனாரோ கதறினான்" என்று எழுதிப் பார்த்தேன். அவன் கதறவில்லை. பையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு அந்த மனிதனின் ஒட்டகத்துக்குத் தானே தண்ணீர் இறைத்து ஊற்றினான்.)

இந்தக் கதையில் எதை வேண்டுமானாலும் மாற்றுவேன். அந்தப் போர்வையை எடுக்கமாட்டேன்.

5

அரசன் கேட்டான். படகு முன்னே போனது. படை ஆர்ப்பரித்துக் கிளம்பிப் போயிற்று.

தாபெஸுக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. "ராசாவுக்குச் சொன்ன அதே சாமிதாங்க எனக்கும் சொல்லிச்சு. எப்ப வருவான்னுதான் தெரியல. இன்னொரு வாட்டி கேட்டுட்டு வந்துர்றேன்" என்றாள். அவன் இடுப்புத் துணிக்குள் தோல்பை இருந்தது. அதை இன்னும் உள்ளே செருகிக்கொண்டான்.

6

மூன்று முடிவுகள் எழுதினேன். முதலாவது: படகு முன்னே போகிறது. ரொட்டி சுடுவது நிற்கவே இல்லை. இரண்டாவது: படகு பின்னே போகிறது. மகனையும் சாமியையும் அவள் ஒரே நாளில் இழக்கிறாள். மூன்றாவது: "இனாரோ படகை இறக்கி வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து..."

அதற்கு மேல் எழுத முடியவில்லை.

நான் தெய்வத்தை நம்புகிறவன். காக்கைகளை அனுப்பியது தெய்வம்தான் என்று இப்போதும் நம்புகிறேன். அரசனுக்காக அல்ல, அந்தப் பையனுக்கு ஒரு போர்வை கிடைக்கட்டும் என்று.

அடுத்த அடிதான் எனக்குத் தெரியவில்லை. தாபெஸ் வந்து நிற்கிறாள். "எம்புள்ள வருவானா, சாமி?" கேட்டுவிட்டாள். படகின் சுமைத்தண்டு இப்போது உங்கள் தோளில் இருக்கிறது.

அழுத்தம் எதுவும் இல்லை.