இரவல் நிறம்

வேல்விழி பிளாப்பியை வெளியே எடுத்து, அதன் தகட்டை விலக்கி ஊதிவிட்டு, மறுபடியும் செருகினாள். டிரைவ் கரகரவென்று அரைத்தது. இந்தத் தடவையும் காப்பி ஆகாவிட்டால் தம்பிக்கு முகமே கிடையாது.

பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் செத்துப்போன தம்பி முனியராஜை ஆஸ்பத்திரியில் தலையோடு காலாக வெள்ளைத்துணியில் சுற்றிவிட்டார்கள். துணியை விலக்க வேண்டாம் என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார்கள். அம்மா அய்யம்மாளுக்கு அது தெரியாது. வெம்பக்கோட்டையில் வீட்டு வாசலில் உட்கார்ந்து, எம்புள்ள மொகத்த ஒருதடவ பாத்துட்டு அனுப்பிருதேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாக்காளர் அட்டையில் இருந்தது கறுப்புத் திட்டு. ஸ்டுடியோவில் எடுத்த ஒரே போட்டோவை, அடையாள அட்டைக்கு என்று வாங்கிப் பட்டாசுக் கம்பெனி தொலைத்துவிட்டது. கம்பெனி கொடுத்த அட்டை அவன் சட்டைப்பையில் இருந்தது. சட்டையே இல்லை. ஆனால் அந்தக் கம்பெனி அட்டைகள் அச்சானது வேல்விழி டிடிபி வேலை பார்க்கும் இதே சிவகாசி அச்சகத்தில்தான். அப்போது ஸ்கேன் செய்த முகங்கள் இந்தப் பிளாப்பியில் கிடந்தன.

முனியராஜின் கோப்பு வந்தது. அதன் கடைசித் துண்டு, வால் மட்டும் வரவில்லை. போட்டோஷாப் அதைத் திறக்க மறுத்தது. முதலாளி ஜெயபாண்டி தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரில் போட்டதும் திறந்தது. தம்பி வந்தான். நெற்றி பச்சை, கன்னம் ஊதா, கண் இருக்கும் இடத்தில் மஞ்சள்.

கறுப்பு வெள்ளையாக மாற்றி அடித்துவிடலாமே என்றார் ஜெயபாண்டி. மாற்றினாலும் திட்டுத் திட்டாகத்தான் வரும் என்றாள் அவள். அது பிசிஎக்ஸ் என்ற பழைய வகைப் படக்கோப்பு. உள்ளே இருப்பது வெறும் எண்கள். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்கிற பட்டியல் இருந்தால்தான் முகம். பழைய பதிப்புகளில் பதினாறு நிறம்தான் என்பதால் பட்டியல் கோப்பின் தலையிலேயே பத்திரமாக இருந்தது. ஐந்தாம் பதிப்பில் இருநூற்றைம்பத்தாறு நிறம் வந்ததும், தலையில் இடமில்லை என்று அதைக் கொண்டுபோய் வாலில் ஒட்டிவிட்டார்கள். வால் அறுந்தால் நிறம் போச்சு. எந்த மகராசன் செய்த வேலையோ, அவனை நிற்கவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு. இடமில்லையா, ஓரமாகத் தள்ளிவை, எவனுக்கு என்ன ஆனால் என்ன.

கம்பெனியிலும் அப்படித்தான் தள்ளிவைத்திருந்தார்கள். கலந்த வெடிமருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைத்தால் தானாகவே பற்றிக்கொள்ளும் என்பது அங்கே வேலைக்குச் சேர்கிற எல்லாருக்கும் தெரியும். தீபாவளி சீசனில் போர்மேன் அய்யாதுரைக்கு மட்டும் அது மறந்துபோகும். கூட வேலை பார்த்த சுடலை, ஆஸ்பத்திரி வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"நேத்து கலந்த மருந்த தொட வேண்டாம் அண்ணாச்சின்னு முனியன் சொன்னான்க்கா. லோடு நிக்குது, அள்ளுலேன்னு அவருதான் உள்ள வெரட்டுனாரு."

இப்போது கம்பெனியில், பையன் சொல்லாமல் கொள்ளாமல் தானாக உள்ளே போய்விட்டான் என்கிறார்கள்.

பிளாப்பியில் மற்ற கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் கெட்டுப்போயிருந்தன. முதல் கோப்பு ஒன்றுதான் முழுசாக இருந்தது. திறந்தாள். அய்யாதுரை. சந்தனப் பொட்டும் வழித்துச் சீவிய தலையுமாக, ஒரு குறையும் இல்லாமல் சிரித்தார். திரையில் ஒரு குத்து விட்டால் என்ன என்று தோன்றியது.

அட்டை அடித்த மென்பொருள் எல்லா முகத்துக்கும் ஒரே நிறப்பட்டியலைத்தான் போட்டிருந்தது. ஆக, இவர் படத்தின் பட்டியலை எடுத்து அவன் படத்தில் ஏற்றினால் போதும். பட்டியல் பொதுவானதுதான், இவர் அப்பன் வீட்டுச் சொத்து இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை. உலகத்தில் பிழைத்துக் கிடப்பதற்கு இந்தாள் முகம்தானா கிடைத்தது. மவுஸைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அம்மா வாசலில் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வர, திரும்ப உட்கார்ந்தாள்.

ஒரே சொடுக்கில் தம்பி வந்துவிட்டான். அதே மாநிறம், அதே பீடி கறுத்த உதடு, அவள் இரவல் வாங்கிக் கொடுத்த நீலச்சட்டை. சட்டையின் அடிவிளிம்பு மட்டும் இல்லை. கலர் பிரிண்டரில் எடுத்து அட்டையில் ஒட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட நேரமில்லை.

அவள் போனபோது உடம்பு வந்துவிட்டிருந்தது. அய்யம்மாள் படத்தை மடியில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நெறம் மாறாம அப்படியே இருக்கான்" என்றாள். பிறகு துணியை விலக்கச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. படத்தைத் தலைமாட்டில் நாற்காலியில் சாய்த்துவைத்தார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் கம்பெனி வேனில் அய்யாதுரை வந்தார். தண்ணீர் தெளித்த ரோஜாமாலையைப் படத்துக்குப் போட்டுவிட்டுக் கைகட்டி நின்றார். ஒரு சொட்டு படத்திலிருந்த சட்டைக் காலரில் விழுந்து, நீலம் கரைந்தது.

"சிரிச்சமேனிக்கே இருக்கான் தாயி. அவன் விதி, தானா உள்ள போயிட்டான்."

வேல்விழி மாலையைக் கழற்றினாள்.

"அவனா போகல அண்ணாச்சி. நீங்க அனுப்புனீக." குரல் உயரவில்லை. ஆனால் அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். "இந்தப் படம் நெறம் செத்துக் கெடந்துச்சு. ஒங்க போட்டோவுல இருந்த நெறத்த எடுத்துத்தான் இவனுக்குப் போட்டுருக்கேன். ஒங்ககிட்ட வாங்குனது அம்புட்டும் போதும். மாலைய கொண்டு போங்க."

அய்யாதுரை மாலையை வாங்கிக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார். வேனில் அவரோடு வந்த ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் வழிவிடவில்லை. சுடலை அவர் முகத்தையே பார்த்தான். மாலையிலிருந்து தண்ணீர் அவர் செருப்பில் சொட்டியது. கூட்டத்துக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு அவரே வெளியே போனார்.

அய்யம்மாள் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. கரைந்த நீலம் நூலாய்ப் படத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றி, தேய்க்காமல், காலர் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.