என்ஜினை அணைக்கத் தெரியாதவள்

“கதவைத் தட்டு. உள்ளே வரலாமான்னு கேளு. சிரிச்ச முகமா கேளு,” என்றாள் தங்கச்சி.

டேங்கரக்கா சமையலறைக்குள் போய்த் திரும்பி நின்றாள். அங்கே கதவு கிடையாது. அதனால் சுவரைத் தட்டி, “உள்ளே வரலாமா?” என்றாள். அடுக்குமாடி வாசலில் தண்ணீர் லாரியை நிறுத்திக்கொண்டு, தூங்குகிற வாட்ச்மேனை எழுப்புவாளே, அதே குரல்.

“வரலாமான்னு கேக்கிறியா, வர்றேன் வழிவிடுன்னு மிரட்டுறியா?” தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். “மறுபடியும் போ.”

மறுபடியும் போனாள். இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்த தங்கச்சி. இப்போது பெரிய ஓட்டலில் வரவேற்பு மேசையில் நிற்கிறாள் என்கிற ஒரே காரணத்துக்காக அக்காவை இந்தப் பாடு படுத்துகிறாள். சரி, படுத்திவிட்டுப் போகட்டும். நாளைக் காலையில் நேர்முகத் தேர்வு. நாடு விட்டு நாடு சரக்கு கொண்டுபோகிற பெரிய கம்பெனி. நாற்பது வயது ஆகிவிட்டவர்களைப் புது ஆளாக எடுப்பதில்லை என்று விளம்பரத்திலேயே கறாராகப் போட்டிருந்தான் புண்ணியவான். டேங்கரக்காவுக்கு அடுத்த மாதம் நாற்பது. நாளைக்கு விட்டால் விட்டதுதான்.

பத்து வருஷமாக அவள் ஓட்டுவது தண்ணீர் டேங்கர். நீரேற்று நிலையத்தில் நிரப்பி, அதே பாலம் ஏறி, அதே சிக்னலில் நின்று, அதே குடியிருப்புகளில் இறக்கிவிட்டு, காலி வண்டியோடு திரும்பி, மறுபடியும் நிரப்பி... செக்குமாடு தோற்றது போங்கள். அந்தப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் நெடுஞ்சாலை தெரியும். பதினெட்டுச் சக்கர வண்டிகள் வரிசையாகப் போகும். பத்து வருஷமும் அவற்றைப் பார்த்துப் பார்த்து ஏங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாருக்கும் சொல்லாமல் போய்ப் பழகி, பெரிய வண்டிக்கான லைசென்சும் வாங்கி வைத்துவிட்டாள். வீட்டுக்காரரிடம் சொன்னதே லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான்.

வீட்டுக்காரர் தையல்காரர். முன்னறையில் மெஷினைப் போட்டு வீட்டிலேயே தைக்கிறார். நாளைக்கு அவள் போட்டுக்கொள்ள வேண்டிய பேண்ட்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தவரைத் தங்கச்சி பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“மாமா, நீங்கதான் மேனேஜர். கேள்வி கேளுங்க.”

கழுத்தில் தொங்கிய டேப்பை டையைப் போலச் சரிசெய்துகொண்டு அவர் தொண்டையைச் செருமினார். “அம்மா, உங்க பலம் என்ன?”

“கடின உழைப்பு, நேரம் தவறாமை, பொறுமை,” என்று தங்கச்சி சொல்லிக் கொடுத்ததை டேங்கரக்கா மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

“பொறுமையா? உனக்கா?” மேனேஜர் நாற்காலியிலிருந்தே விழுந்து விழுந்து சிரித்தார். “இவ பலம் என்னன்னு நான் சொல்றேன் கேளு. செல்ஃப் மோட்டார் செத்துப்போன வண்டியைப் பத்து வருஷமா ஓட்டறாளே, அது பலம்! காலையில எல்லாரும் தள்ளி ஸ்டார்ட் பண்ணினா, பொழுது சாயற வரைக்கும் அணைக்கறதே இல்ல. சாப்பாடும் அதுலயே, எல்லாம் அதுலயே.”

உண்மைதான். டேங்கர் முதலாளி ஒரு கஞ்சமகாபிரபு. இன்றைக்கு மாற்றுகிறேன், நாளைக்கு மாற்றுகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். தண்ணீர் நிரப்பும்போதும் என்ஜின் ஓடும், இறக்கும்போதும் ஓடும். ஸ்டியரிங்கின் மேல் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு அவள் சாப்பிட, டப்பா மூடி கடகடவென்று ஆடும். வேலை முடிந்தால், மறுநாள் தள்ளச் சுலபமாக இருக்கட்டும் என்று மேட்டில் ஏற்றி, முகம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்துவாள். ஒரு தடவை பள்ளிக்கூட வாசலில், சமதரையில், முழுத் தண்ணீரோடு நின்று தொலைத்தது. தெருவே திரண்டு வந்து அவளைத் திட்டித் தீர்த்தது. அன்றிலிருந்து என்ஜின் சத்தம் லேசாக மாறினாலே அவள் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்.

“அக்கா, அந்தக் கதையை மட்டும் அங்க எடுத்து விட்டுராதே. பழைய முதலாளியைக் குறை சொல்றவங்களை யாரும் வேலைக்கு வைக்க மாட்டாங்க,” என்றாள் தங்கச்சி.

“நான் எதுக்குடி சொல்லப் போறேன்?”

சொல்ல மாட்டாள்தான். கை சொல்லிவிடும் என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் தையல்காரர் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார். பேண்ட்டின் மடிப்பைக் குனிந்து ஒருமுறை நீவிவிட்டார். “கிடைக்கலைன்னாலும் ஒண்ணும் குடிமுழுகிப் போகாது, தெரியுமில்ல?” என்றார்.

“வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?”

“கிடைக்கும்னு நெனச்சுத்தான் ரெண்டு பேண்ட்டா தைச்சிருக்கேன்,” என்று அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். பஸ் வந்துவிட்டது.

கம்பெனி அறையில் குளிரூட்டி உறுமிக்கொண்டிருந்தது. மேனேஜர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனால் தங்கச்சி சொல்லிக் கொடுத்த வரிசையில் அவர் கேட்க வேண்டாமா?

“எத்தனை வருஷமா வண்டி ஓட்டறீங்க?”

“குடும்பத்துல எல்லாரும் முழு ஆதரவு சார்!”

மேனேஜர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “சந்தோஷம். அது மூணாவது கேள்வி.”

அவ்வளவுதான், மனப்பாடம் செய்த அத்தனையும் கலைந்துபோனது. அதுவும் நல்லதற்குத்தான். அதற்குப் பிறகு அவள் தன் வாயால், தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். சக்கர அச்சில் எடை கூடினால் ஏற்ற மாட்டேன், சரக்குப் பெட்டியின் சீல் உடைந்திருந்தால் வண்டியை நகர்த்த மாட்டேன், சுங்கச்சாவடியில் காகிதம் கேட்டால் தேட மாட்டேன், எடுத்துக் கொடுப்பேன். மேனேஜர் இரண்டு மூன்று தடவை தலையாட்டினார். “சரி, யார்டுக்குப் போங்க. இனிமே பயிற்சி அதிகாரி பாடு, உங்க பாடு.”

பயிற்சி அதிகாரி ஒரு சின்னப் பெண். தங்கச்சியைவிடவும் சின்னவளாக இருப்பாள். பளபளக்கும் மஞ்சள் சட்டை, கையில் அட்டை, முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பு இல்லை. “சுத்திப் பாத்துட்டு ஏறுங்க. அந்தக் கூம்புகளுக்கு நடுவுல ரிவர்ஸ். அப்புறம் மூணாம் நம்பர் கட்டத்துல நிறுத்திட்டு இறங்கி வாங்க,” என்றாள்.

வண்டியா அது, அடேயப்பா! ஏணி மாதிரி மூன்று படி. உள்ளே இருக்கைக்குப் பின்னால் திரை போட்ட ஒரு படுக்கை. சாவியைத் திருப்பினாள், தொட்டதுதான் தெரியும், என்ஜின் எடுத்துவிட்டது. டேங்கரக்கா டயரையும் விளக்கையும் பிரேக் குழாயையும் முதலிலேயே ஒன்று விடாமல் பார்த்திருந்தாள். ரிவர்ஸ் என்ன பெரிய ரிவர்ஸ்? குடியிருப்புச் சந்துகளில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே டேங்கரைப் பின்னால் எடுத்தவளுக்குக் கூம்பு எம்மாத்திரம்! ஒன்றுகூட ஆடவில்லை. மூன்றாம் நம்பர் கட்டத்துக்குள் கச்சிதமாக நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, கம்பீரமாக இறங்கி நடந்து வந்தாள்.

அதிகாரி அவளைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தாள்.

“ஏன் ஆஃப் பண்ணலை?”

டேங்கரக்கா திரும்பினாள். வண்டி நின்ற இடத்தில் என்ஜின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“ஆளில்லாத வண்டியில என்ஜின் ஓடுது, சாவி உள்ளே இருக்கு. எல்லையில இப்படி விட்டுட்டு இறங்கினா வண்டியும் போகும், சரக்கும் போகும். ஏன் பண்ணலைன்னு கேட்டேன்.”

தங்கச்சி சொல்லிக் கொடுத்த பதில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. “சமதரையா இருக்கு மேடம்,” என்றாள் டேங்கரக்கா மென்று விழுங்கி. “அணைச்சா... திரும்ப எடுக்கலைன்னா யாரு தள்ளுவா?”

அதிகாரிக்கு முதலில் புரியவில்லை. வேறு வழியில்லாமல் டேங்கரக்கா செல்ஃப் மோட்டார் கதையைச் சொன்னாள். முதலாளியைக் குறை சொல்லாமல்தான் சொல்லப் பார்த்தாள். அந்த மனுஷனைக் குறை சொல்லாமல் அந்தக் கதையை எப்படிச் சொல்வது?

“இது பெரிய தப்பு,” என்று அதிகாரி அட்டையில் எழுதினாள். “இன்னொரு தப்பு நடந்தா அதோட சரி. போய் அணைச்சுட்டு சாவியை எடுங்க. ஓட்டம் முடிஞ்சா அடுத்தது கட்டாய ஓய்வு, முக்கால் மணி நேரம். வண்டிக்குள்ளயே இருங்க, நான் வந்து கூப்பிடுவேன். அப்புறம் நெடுஞ்சாலை.”

டேங்கரக்கா மூன்று படியும் ஏறினாள். ஒவ்வொரு படியிலும் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். மூதேவி, மூதேவி! பத்து வருஷமாகப் பார்த்து ஏங்கின வேலை, கைக்கு வரும் நேரத்தில் ஒரு சாவியைத் திருப்பத் தெரியாமல் கோட்டை விடப் பார்த்தாயே! சாவியைப் பிடித்தாள். வேடிக்கை என்னவென்றால், தப்பு என்று தெரிந்த பிறகும் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாள்.

சத்தம் நின்றது.

இருக்கை நடுங்கவில்லை. கதவு நடுங்கவில்லை. அவள் பல்லும் தோளும் நடுங்கவில்லை. பட்டப்பகலில், வேலை நேரத்தில், ஒரு வண்டிக்குள் இப்படி ஓர் அமைதியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. எங்கேயோ யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள். அதுவும் நின்றது. என்ன செய்வது என்று தெரியவில்லை. கண்ணாடியைத் துடைக்கலாமா? துடைத்தால் நல்ல பேர் கிடைக்குமோ? ஓய்வு என்றுதானே சொன்னாள் அந்தப் பெண்? பின்னால் இருந்த படுக்கையைத் தொட்டுப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. சும்மா ஒரு நிமிஷம் காலை நீட்டுவோம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள்.

கதவு தடதடத்தது.

டேங்கரக்கா அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தாள். வீடு என்று நினைத்தாள். பிறகு திரையைப் பார்த்தாள், ஸ்டியரிங்கைப் பார்த்தாள், கதவுக்கு வெளியே மஞ்சள் சட்டையைப் பார்த்தாள். உயிரே போய்விட்டது. நேர்முகத் தேர்வுக்கு வந்த இடத்தில் குப்புறப் படுத்துத் தூங்கியிருக்கிறாள்! கன்னத்தில் எச்சில் வேறு. உலகத்தில் எவளாவது இப்படிச் செய்வாளா?

வெறுங்காலோடு இறங்கி வந்து, சாவியை நீட்டினாள். “மன்னிச்சுக்குங்க மேடம். இது ரெண்டாவது தப்பு. நான் போறேன்.”

“எங்க போறீங்க?”

“தூங்கிட்டேன்.”

“தெரியும். குறட்டை டீசல் பம்பு வரைக்கும் கேட்டுது.” அதிகாரி சாவியை வாங்கவில்லை. “ஓய்வுன்னு சொன்னா இங்க வர்றவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? கண்ணாடி துடைப்பாங்க. காகிதத்தைப் புரட்டுவாங்க. நான் பாக்கறேன்னு தெரிஞ்சா கீழ இறங்கி டயரை உதைப்பாங்க. நாங்க சுறுசுறுப்புன்னு எனக்குக் காட்டணுமாம். அப்புறம் நெடுஞ்சாலையில பாதி தூரம் போனதும் கொட்டாவி விடுவாங்க. போன வருஷம் எங்க ஆளு ஒருத்தர் அப்படித்தான் கண்ணசந்து, வண்டி பள்ளத்துல கெடந்துது. அவர் பிழைச்சதே பெருசு.” அவள் அட்டையில் என்னவோ எழுதினாள். “தூங்குன்னா தூங்கற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன். செருப்பைப் போட்டுக்கிட்டு ஏறுங்க. ரோட்டைப் பாப்போம்.”

டேங்கரக்கா ரோட்டைப் பார்த்தாள். அந்த ஓட்டத்தைப் பற்றி என்ன சொல்ல! கண் தெளிவாக இருந்தது, கை லேசாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி ஒரே ஒரு தடவை, “கொஞ்சம் இடைவெளி விடுங்க,” என்றாள். மற்றபடி வாயே திறக்கவில்லை. நகரத்துக்குள் திரும்ப வேண்டிய கிளைச்சாலை வந்தபோது டேங்கரக்காவுக்கு இன்னும் கொஞ்ச தூரம் நேரே போனால் என்ன என்று ஆசையாக இருந்தது. அடக்கிக்கொண்டு திருப்பினாள். யார்டில் நிறுத்தினாள், அணைத்தாள், சாவியை எடுத்தாள். கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது, ஆனாலும் எடுத்தாள்.

கீழே இறங்கி அவள் அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் நிதானமாக ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். ஒரு மனுஷி எதிரே செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறாளே என்கிற இரக்கம் கொஞ்சமாவது வேண்டாம்?

“பாஸ்போர்ட் இருக்கா?” என்றாள் நிமிராமலே.

“இருக்கு மேடம். எடுத்து மூணு வருஷம் ஆச்சு. இன்னும் ஒரு முத்திரைகூட விழலை.”

“அடுத்த மாசம் விழும்,” என்றாள் அதிகாரி.

டேங்கரக்கா வண்டியின் முதல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷமாக இருந்தது, அழுகையாகவும் இருந்தது. அவள் எதையும் அடக்கவில்லை. அதிகாரி அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா,” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.