ஐந்திலிருந்து மூன்று

என் மனைவிக்கு இடுப்பில் வலி வந்து நான்கு வருடம் ஆகிறது. சும்மா சுளுக்கு இல்லை. முதுகுத்தண்டின் அடியில், வலப்பக்கம், ஒரு கையகல இடத்தில் குடியேறி, காலி பண்ணமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிற வலி. அவள் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தவள். நாள் முழுக்க நின்ற கால். நிற்க முடியாமல் போனதும் கடையைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் மக்கர் பண்ணினால் கோளாறு என்ன என்று கன்ட்ரோல் பெட்டிக்குள் ஒரு எண் காட்டும். அதைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தமாதிரி. மனுஷ உடம்பில் அப்படி ஒன்றை வைக்காமல் விட்டது யாருடைய புத்தியோ தெரியவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "வயசுக்கு ஏத்த தேய்மானந்தான்" என்றார் ஒரு டாக்டர். தேய்ந்தால் மாற்று என்பது என் தொழில். "அப்ப மாத்துங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் மட்டும் பேச ஆரம்பித்தார்.

மாத்திரை சாப்பிட்டாள், வயிறு கெட்டது. நரம்பு மாத்திரை சாப்பிட்டாள், பகலெல்லாம் தூங்கி வழிந்தாள். அடுப்பில் வைத்த பால் இரண்டு தடவை கருகியது. இடுப்புக்குப் பெல்ட் கட்டினார்கள். பட்டைகளை ஒட்டி மெல்லிசாகக் கரண்ட் விட்டார்கள். ஒட்டியிருக்கும் வரை சுகம், கழற்றினால் பழைய கதை. சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சியை மட்டும் ஒருநாள் விடாமல் செய்தாள். தரையில் விரித்த போர்வையில் அவள் முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கும்போது நான் அறையை விட்டு வெளியே போய்விடுவேன். பார்க்க முடியாது.

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே தனியாக ஒரு பிரிவு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். அங்கே இருந்த டாக்டர் என்னைவிட இளையவர், நிதானமானவர். ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார்.

"இந்த மூட்டுலேருந்து வலியத் தூக்கிட்டுப் போறது இந்த சின்ன நரம்புதான்னு நெனக்கிறேன். ஊசி வழியா சூடு குடுத்து இதச் சுட்டு விட்டுட்டா, ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வலி அடங்கும். ஆனா இந்த நரம்புதானான்னு மொதல்ல உறுதி பண்ணணும். அதுக்கு ஒரு டெஸ்ட் ஊசி. சில மணி நேரம் நரம்பு மரத்துப்போகும். அந்த நேரத்துல வலி நல்லாக் கொறஞ்சா, சுடலாம்."

"எவ்வளவு கொறையணும் டாக்டர்?" என்றேன்.

"அதச் சொல்லமாட்டோம் சார். சொன்னா மனசு அதுக்கேத்த மாதிரி நம்பர் சொல்ல ஆரம்பிச்சிடும்."

நியாயமான பேச்சுதான். அளவெடுக்கிறவனிடம் விடையை முன்கூட்டியே சொல்லக்கூடாது. எனக்கு அந்த டாக்டரைப் பிடித்துப்போனது.

டெஸ்ட் அன்று காலையில் நர்ஸ் ஒரு ஃபார்மோடு வந்தார். "சைபர்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியாதது. இப்ப எவ்வளவும்மா?"

என் மனைவி கட்டில் விளிம்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒருமுறை என்னைப் பார்த்தாள்.

"அஞ்சு" என்றாள்.

நர்ஸ் எழுதிக்கொண்டார். குப்புறப் படுக்கவைத்து, படம் பார்த்துப் பார்த்து மூன்று இடத்தில் ஊசி போட்டார்கள். அரைமணி நேரத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு தாள். அரைமணிக்கு ஒரு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு எண். "வீட்டுக்குப் போயி படுத்துடாதீங்க. எது செஞ்சா வலிக்குமோ அதச் செய்யுங்க. உள்ளது உள்ளபடி எழுதுங்க" என்றார் நர்ஸ். எழுதுகிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். என்னை நம்பி எண்களைக் கொடுத்தால் அதில் கை வைக்கமாட்டேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே தெரிந்தது. கம்பியைப் பிடிக்காமல் இறங்கினாள். இறங்கி நின்று தன் காலையே பார்த்தாள், யாரோ கடன் கொடுத்த கால் மாதிரி.

"என்னங்க, இது என் இடுப்புதானா?"

"எவ்வளவு?"

"மூணு."

எழுதினேன். எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. ஊரெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவன் வீட்டுக்கு மூன்று மாடி ஏறிப் போக வேண்டும் என்று அவள் ரொம்ப நாளாகக் கேலி பண்ணுவாள். அன்று நிற்காமல் ஏறினாள். நான்தான் மூச்சு வாங்கினேன்.

வீட்டுக்குள் வந்ததும் பீரோவைத் திறந்து கத்தரிப்பெட்டியை எடுத்தாள். "உக்காருங்க."

"எதுக்கு?"

"எது செஞ்சா வலிக்குமோ அதச் செய்யச் சொன்னாங்கள்ல. மூணு வருஷமா எவன்கிட்டயோ தலையக் குடுத்துட்டு வர்றீங்க. பின்னாடி பாத்தா எலி கடிச்ச மாதிரி இருக்கு. உக்காருங்கன்னா."

சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டினாள். நாற்பது நிமிடம். என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள், காதை மடக்கிப் பிடித்தாள், "ஆடாதீங்க" என்று உச்சந்தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். கடையில் வாடிக்கைக்காரிகளிடம் பேசுகிற குரல் வந்துவிட்டது. யாருக்கோ சாயம் பச்சையாகப் போன கதையைச் சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடி விழுந்துவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். நான் கல்யாணம் பண்ணியவள் நாற்பது நிமிடம் திரும்பி வந்திருந்தாள்.

நடுவில் அரைமணி ஆனதும் கேட்டேன். "மூணு" என்றாள். அடுத்த அரைமணிக்கும் மூன்று. அதற்கடுத்தும் மூன்று.

பிற்பகல் இரண்டரைக்கு, அலமாரியில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் கையில் தட்டோடு அப்படியே நின்றாள். தட்டை மெதுவாக வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, பழையபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வந்துடுச்சு" என்றாள்.

நான் கத்தரிப்பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். இந்த நரம்புதான் என்று தெரிந்துவிட்டதே. சுட்டுவிட்டால் முடிந்தது.

அடுத்த வாரம் டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"அஞ்சுலேருந்து மூணு" என்றார். "பாதிகூடக் கொறையல. பாதிக்கு மேல கொறஞ்சாத்தான் சுட முடியும். இந்த நரம்பு இல்ல போல."

என் மனைவி, மேஜையைப் பார்த்துக்கொண்டே, "டாக்டர், அது அஞ்சு இல்ல. எட்டு" என்றாள்.

"அன்னைக்கு அஞ்சுன்னு சொன்னீங்களேம்மா?"

"இவரு பக்கத்துல நின்னாரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் டாக்டரிடமே சொன்னாள். "வலி வந்த புதுசுல ஒருநாள் போன்ல கேட்டாரு. எட்டு இருக்கும்னேன். லிஃப்ட் மேல நின்னு வேலை செஞ்சவரு, பாதியில அப்படியே விட்டுட்டு ஓடி வந்தாரு. எறங்குற அவசரத்துல ஏணியிலேருந்து விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சுது. அதுலேருந்து நான் அஞ்சத் தாண்டுனதில்ல. எவ்வளவு வலிச்சாலும் அஞ்சுதான். வாய்க்கு அதுவே பழகிடுச்சு. ஊசி போட்டப்புறம் நெசமாவே மூணுதான் இருந்துச்சு. அதனால மூணுன்னு சொன்னேன்."

"அட, ஏன்டி!" என்று கத்திவிட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மணிக்கட்டு ஒடிந்ததை நானே மறந்திருந்தேன். அதற்குப் பிறகு அவளுக்கு வலி ஐந்துக்கு மேல் போகாததை மாத்திரையின் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து ஐந்து என்று நான்கு வருடம் கேட்டு, பரவாயில்லை என்று நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

"டாக்டர், எட்டுலேருந்து மூணுன்னா பாதிக்கு மேல கொறஞ்சிருக்கே. மாத்திக்குங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். "சார், பாதி கொறையணும்னு நான் சொன்ன பிறகு, மொதல்ல சொன்ன நம்பர் தப்புன்னு நெறைய பேர் சொல்றாங்க. இவங்க பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல. நான் நம்புறேன். ஆனா டெஸ்டுக்கு முன்னாடி எழுதினதுதான் கணக்கு. அத நான் திருத்த முடியாது."

நான் அவருக்கு முதுகைக் காட்டித் தலையைக் குனிந்தேன். "இதப் பாருங்க. நாப்பது நிமிஷம் நின்னு வெட்டுனா. அன்னைக்குத்தான். மூணு வருஷமா அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்ல நின்னதில்ல. இது போதாதா?"

அறுபதை நெருங்குகிற மனுஷன் ஒரு டாக்டர் முன்னால் பின்னந்தலையைச் சாட்சியாகக் காட்டிக்கொண்டு நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும். வேறு சாட்சி என்னிடம் இல்லை.

"நல்லா வெட்டியிருக்காங்க" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. "ஆனா ஃபார்ம்ல இத எழுத எடமில்ல சார்."

இன்னொரு டெஸ்ட் போட ஆறு மாதம் ஆக வேண்டும். அது அவர் வைத்த விதி இல்லை. யாரிடம் போய்க் கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை. அதுவரை பழைய மாத்திரைதான். "இன்னைக்கே புது ஃபைல்ல இப்போதைய வலிய எழுதி வச்சுடலாம்" என்று நர்ஸைக் கூப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு தடிமனான கதவு. ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் ஆனதும் நர்ஸ் வெளியே வந்து, முன் கவுன்டரில் முத்திரை வாங்கி வரச்சொல்லி ஃபார்மை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஒன்பது என்று எழுதியிருந்தது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். தாளை நீட்டினேன். "எட்டுன்னுதானே சொன்ன?"

அவள் அதை வாங்கி மடித்தாள்.

"அதுவும் உங்க முன்னாடி சொன்னதுதானே" என்றாள்.