மெஷினுக்கு ஒரு ஆள்

குடோன் வாசலில் சரக்கு லாரியைக் காணோம். லாரி வராத நேரத்துக்குக் கூலி கிடையாது. அதனால் அதைத் தங்கள் சொந்த நேரமாகப் பாவித்து, விரித்துப் போட்ட அட்டைப்பெட்டிகள் மேல் உட்கார்ந்து மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை, இன்னும் நடக்காத ஒரு குத்துச்சண்டையைப் பற்றியது.

எடை குறைந்த பிரிவில் யாரிடமும் தோற்காத சாம்பியன் ஒருவன், இரண்டு பிரிவு தாண்டி மேலே போய் அங்கிருக்கும் சாம்பியனோடு மோதப்போகிறான். எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. இவர்கள் அவனைச் சின்னவன் என்றும் மற்றவனைப் பெரியவன் என்றும் சொன்னார்கள். இரண்டு பேரையும் தூக்கி வளர்த்தவர்கள் மாதிரி அத்தனை உரிமை.

"சின்னவன் கை போறதே கண்ணுக்குத் தெரியாது," என்றான் கடுகு. "பெரியவன் ஒண்ணு ஓங்கறதுக்குள்ள இவன் நாலு குடுத்துட்டு டீ குடிச்சிட்டு வந்துடுவான்."

கடுகு என்பது குடோனில் வைத்த பெயர். ஆள் குள்ளம், ஒல்லி; வாய் மட்டும் காரம். வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் வீடுகளுக்குக் கொண்டுபோய் மாடியேற்றி வைப்பது வேலை. கூடத் தூக்குகிறவர் அவனுடைய அக்கா புருஷன். ஆறடி உயரம், அகலமான தோள், அதற்கேற்ற மீசை. கடுகு கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடோன் முழுவதுக்கும் அவர் மாமாவாகிவிட்டார்.

"நாலு குடுப்பான், சரி," என்றார் மாமா. "அப்புறம் பெரியவன் கட்டிப்பிடிச்சு மேல சாய்வான். குத்தவே வேண்டாம், சும்மா சாய்ஞ்சாப் போதும். கோழி மேல மாடு படுத்தா கோழி எப்படி மாப்ள எந்திரிக்கும்? பாதிச் சண்டையில காலு போயிடும்."

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது மாமா."

"குறையாதுப்பா," என்று அவர்களுடைய டெலிவரி வண்டி டிரைவர் குறுக்கே புகுந்தார். "ஆனா எத்தனை காரமா இருந்தாலும் கடுகு பூசணிக்காய் ஆகாது."

டிரைவர் தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிக்கிறவர். சிரித்து முடிக்கும்வரை மாமா பொறுத்திருந்தார்.

"எடைக்கு எடைன்னு பிரிச்சு வெச்சது வேலை வெட்டி இல்லாமலா? அடி வாங்கிப் படுத்தவனைப் பார்த்துத்தானே பிரிச்சிருப்பான்."

"அப்போ நான் சின்ன ஆளு. தினமும் உங்களுக்குச் சமமாத் தூக்கலையா?"

"நீ மேல பிடிக்கிற மாப்ள," என்றார் மாமா.

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார், அதுதான் வலித்தது. படியேறும்போது உயரமான ஆள் கீழ்ப்பக்கம் பிடிப்பார். பாரம் முக்கால்வாசி அவர்மேல்தான் இறங்கும். மெஷின் மறைப்பதால் அவருக்குப் படி தெரியாது. மேல்பக்கம் பிடிப்பவன்தான் "திருப்பம்", "இன்னும் மூணு படி" என்று குரல் கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாமா அவனை ஒருமுறைகூடக் கீழே விட்டதில்லை. அது பாசம் என்று கடுகுக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்கு என்னவோ அது அவமானமாகப் பட்டது.

"முன்கதவு மெஷினை நான் தனியா மேல்தளத்துக்கு ஏத்திக் காட்டறேன். காட்டினா?"

"காட்டினா மீசையை எடுத்துடறேன், போ."

முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின் ஓடும்போது ஆடாமல் இருக்க உள்ளே சிமென்ட் கட்டை வைத்திருப்பார்கள். தகரப்பெட்டி போல நிற்கும், தொட்டால் பாறை. கடுகு பாரம் தூக்கும் வாரை மெஷினுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் தோளில் இழுத்து முடிந்து, குந்தி உட்கார்ந்தான். எழுந்தபோது முழங்காலில் ஏதோ சொடுக்கியது. எழுந்துவிட்டான்.

பத்துப் படி வரைக்கும் டிரைவர் கைதட்டி உற்சாகப்படுத்தினார். இரும்புப் படி ஒவ்வொன்றும் முனகியது. கடுகுக்குத் தன் கால்விரல்களையும் மூக்கு நுனியிலிருந்து சொட்டும் வியர்வையையும் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மாமா பின்னாலேயே, இரண்டு கைகளையும் விரித்து, மெஷினைத் தொடாமல் ஏறிவந்தார்.

"போதும்டா. இறக்கு. நான் தோத்துட்டேன். உங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

கடுகு நிற்கவில்லை. நின்றால் விழுந்துவிடுவோம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மேல்தளத்தில் மெஷினை இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே கவிழ்ந்து படுத்துக்கொண்டான். மூச்சுக்கு நடுவே சிரித்தான். இத்தனை வருஷத்தில் அவன் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை.

கீழே இருந்து ஒருவர் மட்டும் நிதானமாகக் கைதட்டினார். சூப்பர்வைசர். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. டீ கிளாஸைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, "பலே! இத்தனை நாளா இதை எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தே?" என்றார்.

கடுகுக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

மறுநாள் காலை மாமா சொன்ன சொல் தவறாமல் மழமழவென்று வந்தார். மீசை இருந்த இடம் மட்டும் வெளுத்து, யாரோ முன்பின் தெரியாதவர் முகம் போலிருந்தது. டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்க அக்கா கதவைத் திறக்க மாட்டேனுட்டா மாப்ள, யாரு வேணும்னு கேக்கறா," என்று மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

சூப்பர்வைசர் வெளியே வந்து அன்றைய வேலையைச் சொன்னார். "இனிமே மெஷினுக்கு ஒரு ஆள். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் ரெண்டு பேர், அதுக்கு வேற வண்டி இருக்கு. இந்த வண்டியில கடுகு போதும்." பிறகு மாமாவைப் பார்க்காமல், "தேவைப்பட்டா ஃபோன் பண்றேன்," என்றார்.

சிரிப்பு அப்படியே நின்றது. கடுகுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றான்.

"சார், அது பந்தயத்துக்குத் தூக்கினது. விளையாட்டுக்கு. ஒரு தடவைதான் சார்."

"தூக்கினியா இல்லையா?"

"தூக்கினேன். ஆனா தினமும்னா..."

"சின்ன ஆளு நீயே தூக்கினா எல்லாராலயும் முடியும்தானே? முதலாளிகிட்டச் சொல்லிட்டேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம்."

"அப்போ மாமாவை வெச்சுக்கோங்க. நான் நின்னுக்கறேன்."

"தாராளமா. அவரும் ஒரு தடவை தனியாத் தூக்கிக் காட்டட்டும்."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அவரால் முடியும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மாமா மெஷினைப் பார்த்தார், படியைப் பார்த்தார், தோளில் கிடந்த தன் வாரைக் கழற்றினார்.

"மாட்டேன் சார்," என்றார். "இவன் விளையாட்டுக்குத் தூக்கினதே சட்டமாயிடுச்சு. நானும் தூக்கினா யாரும் மாத்தவே முடியாது."

வாரைச் சுருட்டிக் கடுகின் கையில் கொடுத்தார். "உன்னுது மெலிசு, தோளை அறுக்கும். இது அகலம்."

"மாமா, நானும் வந்துடறேன். ரெண்டு பேரும் போயிடலாம்."

"ரெண்டு பேரும் போனா வீட்டுல அடுப்பு எப்படி எரியும்? ஒரே வீடுதானேடா. போ, வண்டி நிக்குது." பிறகு வெறும் உதட்டைத் தடவிக்கொண்டார். "குப்புற விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலைன்னு சொல்லிக்கலாம்னா, அதுவும் போச்சு."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை, டிரைவர் உட்பட.

அக்கா கத்தியிருந்தால் கடுகு தாங்கியிருப்பான். அவள் சாப்பாடு போட்டு, அவன் தோளில் வார் பதிந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து, "நாளைக்கும் தூக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள். மாமா காலையில் கிளம்பி ஒவ்வொரு குடோனாகக் கேட்டுவிட்டு வந்தார். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் கேட்டார்களாம்: மெஷினைத் தனியாத் தூக்குவீங்களா?

சண்டை நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அன்றும் வேலை இருந்தது. மூன்றாம் மாடி வீடு. லிஃப்டில் மெஷின் நுழையவில்லை. கடுகு ஏறி முடித்து வாசலில் குந்தி வாரை அவிழ்த்தபோது, உள்ளே டிவியில் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் சோபாவிலிருந்து எழாமல், "குளியலறை பக்கத்துல வெச்சுடுப்பா," என்றார்.

வைத்துவிட்டு வந்தவன் திரையைப் பார்த்து நின்றான். தொடை தானாக நடுங்கிக்கொண்டிருந்தது.

சின்னவனின் கைகள் இன்னும் வேகமாகத்தான் இருந்தன. ஆனால் பெரியவன் அவனைக் கட்டிப்பிடித்துக் கயிற்றோரம் தள்ளி, மொத்த உடம்பையும் அவன் கழுத்தில் சாய்த்தான். நடுவர் பிரித்துவிட்டார். மறுபடி சாய்ந்தான். மாமா சொன்னபடியே, பாதிச் சண்டையில், சின்னவனின் கால்கள் வளைந்தன. கடுகால் அந்தக் கால்களைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை.

சின்னவனின் மூலையிலிருந்து, போதும், நிறுத்துங்கள் என்பதற்கு அடையாளமாக, வெள்ளைத் துண்டு ஒன்று மேடைக்குள் வந்து விழுந்தது. நடுவர் இரண்டு கைகளையும் ஆட்டினார். சின்னவனின் ஆட்கள் ஓடிவந்து அவனை ஆளுக்கொரு பக்கம் தாங்கி, நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஒருவன் தண்ணீர் கொடுத்தான். இன்னொருவன் அவன் முன்னால் மண்டியிட்டு, கன்னத்தைத் தட்டி ஏதோ கேட்டான்.

"சே! இன்னும் கொஞ்சம் நின்னிருக்கலாம்," என்று வீட்டுக்காரர் டிவியை அணைத்தார். "இவ்வளவு நாள் காத்திருந்து, பாதியில நிறுத்திட்டானுங்க." பிறகு நினைவு வந்தவராக, "தம்பி, பழைய மெஷினைக் கீழே எடுத்துட்டுப் போகணுமே. தனியாவா வந்தே?"

"ஆமா சார்."

"பார்த்து. சுவரு இப்பத்தான் பெயின்ட் அடிச்சது."

கடுகு கழுத்திலிருந்த துண்டை எடுத்தான். முகத்தைத் துடைத்து, அதை நாலாக மடித்து, புண்ணாகியிருந்த தோளில் வைத்து, அதன்மேல் மாமாவின் வாரை மாட்டினான். பழைய மெஷின் இன்னும் கனமாக இருந்தது. உள்ளே தண்ணீர் தேங்கியிருக்க வேண்டும். இறங்கும்போது பாரம் பின்னாலிருந்து முதுகைத் தள்ளியது. ஒவ்வொரு படியையும் காலால் துழாவித் துழாவி இறங்கினான். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

முதல் வளைவு வந்தது. பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மாமா, திருப்பம்."

கீழே டிரைவர், அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று ஹாரன் அடித்தார்.