போட்டிக்கு ஒன்பது சொற்கள்

பன்னிரண்டு வருடம் கழித்து வஜிஹா போன் செய்தாள். நலமா, சுகமா என்றெல்லாம் இழுக்கவில்லை. அவள் எப்போதுமே அப்படித்தான். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் மஹீன், பள்ளியில் போட்டியைப் பற்றி இங்கிலீஷில் பேச வேண்டுமாம். ‘நம்ம நோட்டு இன்னும் வெச்சிருக்கியாடி?’ என்றாள்.

இருக்கிறது என்றேன்.

ஓசூரில் காருக்கு வயரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் இரண்டு பேரும் ஒரே லைனில் வேலை பார்த்தோம். நான் சாமல்பட்டியிலிருந்து வந்து மத்திகிரியில் வாடகை அறையில் இருந்தேன். அவள் வீடு இரண்டு தெரு தள்ளி. லைனில் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் கலந்து அடித்தால் வேலை ஓடிவிடும். ஆடிட்டுக்கு வெளிநாட்டு ஆள் வந்து நின்றால்தான் எல்லோரும் தலையைக் குனிந்து காலைப் பார்ப்பார்கள். லைன் லீடர் ஆக வேண்டுமென்றால் அந்த ஆளிடம் வாயைத் திறக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஆசை இருந்தது.

அகராதியைத் திறந்தால் எனக்குத் தூக்கம் வரும். அதனால் வஜிஹா ஒரு சட்டம் போட்டாள். கம்பெனி பஸ்ஸில் போகும் அரைமணி நேரத்தில், ஒரு வார்த்தைக்குப் பொருத்தமான காட்சியை ஜன்னல் வழியாகக் காட்ட வேண்டும். காட்டினால் அது நோட்டில் ஏறும். காட்டாவிட்டால் எவ்வளவு பெரிய வார்த்தையானாலும் வெளியே.

போட்டிக்கு மட்டும் ஒன்பது வார்த்தை சேர்த்தோம். முந்திக்கொண்டு பறந்த இரண்டு டவுன் பஸ்கள் ரேஸ். பொங்கலுக்குக் கம்பெனி வாசலில் கோலம் போட வைத்து, ஹெச்.ஆர். மேடம் மார்க் போட்டுக்கொண்டு நடந்தாரே, அது காண்டெஸ்ட். யாராவது நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டும், அதுதான் அதற்கு அடையாளம். மைதானத்தில் இரண்டு டீம் ஆடினால் மேட்ச். பதினாறு டீம் வந்து, தோற்றவர்கள் ஒவ்வொரு சுற்றாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் டோர்னமென்ட். கால்நடைப் பண்ணை வேலி ஓரம் இரண்டு காளைகள் தலையை முட்டிக்கொண்டு நின்றதை பவுட் என்று எழுதினாள் வஜிஹா. குத்துச்சண்டைக்காரனுக்குத்தான் அது என்று நான் சண்டை போட்டேன். இரண்டு ஸ்டாப் முழுக்கச் சண்டை. கடைசியில் காளைகள்தான் ஜெயித்தன.

ரைவல்ரி மட்டும் மூன்று மாதம் வெளியிலேயே நின்றது. கம்பெனி கேட்டுக்கு எதிரும் புதிருமாக இருந்த இரண்டு டீக்கடைகளைத் தினமும் பார்த்தோம். ஒருவன் போண்டா போட்டால் மறுநாள் மற்றவன் மசால் போண்டா போடுவான். ஒருவன் பெஞ்ச் வாங்கினால் மற்றவன் ஃபேன் மாட்டுவான். இது ஒரு நாள் பார்த்து எழுதுகிற வார்த்தை இல்லை, வருடக்கணக்கில் ஓட வேண்டும் என்று வஜிஹா பிடிவாதம் பிடித்து, பிறகுதான் எழுதினாள். என் வாழ்க்கையில் நான் அத்தனை சிரித்தது அந்த பஸ்ஸில்தான். இன்றைக்கும் அந்த நீல பஸ் எதிரே வந்தால் என் கண் நாங்கள் உட்காரும் மூன்றாவது ஜன்னலைத் தேடும்.

அப்புறம் லைன் லீடர் இடம் ஒன்று காலியானது. ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை இன்டர்வியூ, ஆளுக்கு இரண்டு நிமிடம் இங்கிலீஷில் பேச வேண்டும். லைனுக்கு லைன் நடக்கும் போட்டியை எப்படிச் சமாளிப்பாய் என்பதுதான் கேள்வி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

நோட்டு ஒருநாள் அவளிடம், ஒருநாள் என்னிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவள் முறை. சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கும்போது கேட்டாள். அறையில் இருக்கிறது, சாயங்காலம் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். நோட்டு என் பைக்குள்தான் இருந்தது. சாயங்காலம் நான் போகவில்லை.

ஞாயிறு காலை அவளே வந்தாள். உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நான் நோட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். மூன்று முறை தட்டினாள். ‘சரிதா’ என்று ஒரு முறை கூப்பிட்டாள். நான் மூச்சைக்கூடச் சத்தமாக விடவில்லை. பிறகு செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

திங்கட்கிழமை ஒன்பது வார்த்தைகளையும் கொட்டி முழக்கினேன். வஜிஹா பாதியில் நின்றுவிட்டாளாம். இடம் எனக்குக் கிடைத்தது. நோட்டை நீட்டி, ஊருக்குப் போய்விட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். பரவாயில்லை, நல்லா செய் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இரண்டு மாதத்தில் பொம்மசந்திரா பக்கம் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. எனக்குப் போக முகமில்லை.

போன் வந்த ஞாயிற்றுக்கிழமையே ஓசூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பேக்கரியில் சந்தித்தோம். கொஞ்சம் குண்டாகியிருந்தாள். நோட்டைப் பிரித்ததும் காளைகள் வந்துவிட்டன. பவுட் என்பது சரிதானா என்று மறுபடியும் அடித்துக்கொண்டோம். தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே மகளுக்காக ஒவ்வொன்றையும் போன் கேமராவில் எடுத்தாள். என் தட்டில் பன் அப்படியே இருந்தது.

இன்றைக்கு விட்டால் இந்த ஜென்மத்தில் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

‘வஜி, அன்னிக்கி நான் ஊருக்குப் போகல. ரூம்லதான் இருந்தேன்.’

அவள் போனைக் கீழே வைத்தாள். ‘தெரியும்டி. உன் யூனிபார்ம் கொடியில கெடந்துச்சு. தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு.’

‘அப்பறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?’

‘கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லுவ. அதுக்கப்பறம் உன்கூட பஸ்ல எப்படி ஒக்காந்து வர்றது? எனக்கு அந்த பஸ்ஸு வேணும்னு இருந்துச்சு. வேற வேல கெடைக்கற வரைக்குமாவது.’

பேக்கரிக்காரர் பார்க்கிறார் என்று தெரிந்தும் நான் அழுதேன். அவள் என் தட்டில் இருந்த பன்னை இரண்டாகப் பிய்த்து வைத்தாள். அந்த இரண்டு மாதமும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் நான் தூங்குவது போல நடித்துக்கொண்டு வந்தேன்.