முகப்பில் பட்ட கால்

சுற்றுலா வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பாடம் எடுப்பதில் பிகுனை மிஞ்ச க்ராபிக் கரையில் ஆள் கிடையாது. யார் தலையையும் தொடாதீர்கள், புத்தர் பக்கம் காலை நீட்டாதீர்கள், கோவிலுக்குத் தோளை மூடிக்கொண்டு வாருங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். படகில் ஏறும் முன் இன்னொன்று உண்டு. வண்ணத் துணி கட்டிய முகப்பில் படகுத் தாய் குடியிருக்கிறாள், அங்கே கால் பட்டால் அவளுக்கு ஆகாது. கடைசியாக, இங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை, நாலு பேர் முன்னால் ஒருவரைக் குறை சொன்னால் அவர் மானம் போய்விடும் என்பாள். லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி மட்டும் மூச்சுவிட மாட்டாள். படகுக்காரர் தவீயிடம் இருந்தவற்றில் பாதிக்கு வார் கிடையாது. அதைப் பேசினால் அவர் மானம் என்னாவது?

தவீயைக் கரையில் எல்லோரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் விட்டுவிட்டு ஓடிய வருஷம் பிகுனைக் கூப்பிட்டு இந்த வழிகாட்டி வேலையைக் கொடுத்தவர். அவர் போட்ட சோறு என்பதை அவளும் மறக்கவில்லை, அவரும் மறக்கவிடவில்லை.

அன்று சிறு படகுகள் போகக் கூடாதென்று படகுத்துறையில் எச்சரிக்கை ஒட்டியிருந்தார்கள். பெரியப்பா அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் இன்ஜினைக் கிளப்பினார்.

"பெரியப்பா, அலை கொஞ்சம்..."

"கொஞ்சம் என்ன? விருந்தாளிங்க முன்னாடி எனக்குக் கடலைப் பத்திச் சொல்லித் தர்றியா? மூஞ்சியை நல்லா வெச்சுக்கிட்டு ஏறும்மா."

அவளும் மூஞ்சியை நல்லா வைத்துக்கொண்டு ஏறினாள்.

செக் நாட்டிலிருந்து மனைவியோடு வந்திருந்த விலெம்தான் அன்றைக்கு நல்ல மாணவர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முகப்பைத் தொடாமல், இடுப்பளவு தண்ணீரில் சுற்றிப்போய்ப் பக்கவாட்டில் தொற்றி ஏறினார் அந்தப் பெரிய மனிதர். கரை மறைந்ததும் தண்ணீர் உள்ளே விழ ஆரம்பித்தது. விலெம் பிகுன் பக்கம் சாய்ந்து, பெரியப்பா காதில் விழாதபடி, "இது எப்பவும் இப்படித்தானா?" என்றார்.

"ஒண்ணும் பயமில்ல சார்." சிரித்தாள்.

அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்பது மரியாதையில்லை என்று சொல்லிக் கொடுத்தவளே அவள்தானே.

படகு கவிழ்ந்தது. அந்தப் பக்கம் வந்த மீன்பிடிப் படகுக்காரர்கள் மற்ற எல்லோரையும் இழுத்துப் போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். விலெமின் ஜாக்கெட் மட்டும் தனியாக மிதந்தது.

மறுநாளே கரையில் பேச்சு கிளம்பிவிட்டது. வெள்ளைக்காரன் முகப்பில் காலை வைத்தானாம், தாய் கோபித்துக்கொண்டாளாம். கிளப்பிவிட்டது யாரென்று கேட்கவும் வேண்டுமா!

"அவரு வைக்கலையே பெரியப்பா. தண்ணியில சுத்தியில்ல வந்து ஏறினாரு?"

பெரியப்பா மாங்காய்த் துண்டை மிளகாய் உப்பில் தோய்த்தபடி இருந்தார். "போலீஸ்காரர் கேப்பாரு. நீயும் பாத்தேன்னு சொல்லிடு. செத்தவனுக்கு மானம் போனா என்ன, இருந்தா என்ன? நான்தான் இங்க நாலு பேரு மூஞ்சியில முழிக்கணும். நீயும்தான்."

போலீஸ்காரர் கேட்டபோது பிகுன் தலையை ஆட்டினாள். வாயால் சொல்லவில்லையே என்று பிறகு தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். வெட்கங்கெட்ட சமாதானம்.

விலெமின் பிணத்தை ஊருக்கு எடுத்துப் போகும் முன் அவர் மனைவி ஹெலெனா கையில் ஒரு மல்லிகை மாலையோடு கரைக்கு வந்தாள். இழுத்துவந்து மணலில் போட்டிருந்த படகைச் சுற்றிப் படகுக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பெரியப்பாவும் இருந்தார்.

"பிகுன், ஹோட்டல்ல ஒரு மாதிரி பேசிக்கிறாங்க. ஏறும்போது அவர் முகப்புல கால் வைக்கல, நானே பாத்தேன். ஆனா அலையில தடுமாறினப்ப பட்டிருக்குமோ? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். நீங்க இல்லன்னு சொன்னா எனக்குப் போதும்."

இல்லை. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அந்த மனிதன் குற்றமில்லாமல் ஊர் போய்ச் சேர்வான். பிகுன் நிமிர்ந்து பார்த்தாள். நின்றவர்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பட்டிருக்கலாம்" என்றாள்.

ஹெலெனா மாலையை முகப்பில் கட்டிவிட்டு மணலில் முட்டி போட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியப்பாவிடம் வந்தாள்.

"எங்களால இவரு படகும் போச்சு. மன்னிக்கணும்னு சொல்லுங்க."

பிகுன் சொன்னாள். பெரியப்பா கையை வீசினார். "பரவால்ல, பரவால்ல. தெரியாம செஞ்சதுதானே. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலைன்னு சொல்லு."

சுற்றி நின்றவர்கள், என்ன பெருந்தன்மை என்று தலையசைத்தார்கள்.

"பெரியப்பா உங்க வீட்டுக்காரரை மன்னிச்சுட்டாரு" என்றாள் பிகுன்.

ஹெலெனா குனிந்து அவருக்கு நன்றி சொன்னாள். பிறகு திரும்பி, பிகுனுக்கும் சொன்னாள்.